கணினிப் பதிவுகளைக் காக்க எந்த ஹார்ட் டிஸ்க்?

2011 டிசம்பர் 30-இல் கடலூர் அருகே கரை கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்தில் பலா, முந்திரி மரங்களைச் சாய்த்தது. இத்தகைய இழப்பிற்கு நிவாரணம் கோர சிட்டா, அடங்கல், தோப்பின் படங்கள் கைவசம் இருத்தல் நலம். கெடிலக்கரையிலுள்ள திருவதிகை விவசாயிகள் இவற்றைக் கணினியில் மட்டும் வைத்திருந்தால் போதாது.

உள் டிஸ்க்: கணினிப் பெட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டது. அன்றாட வேலைக்கு ஏற்றது. பெட்டி வெள்ளத்தில் மூழ்கினால் பதிவுகளும் பாழாகலாம்.

வெளி டிஸ்க்: யு.எஸ்.பி. கம்பியால் இணைப்பது. கையோடு எடுத்துச் செல்லலாம். ஆனால் உள்ளே தட்டு சுழல்வதால், கீழே விழுந்தால் பழுதாகும்.

ஆகவே மாதம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். உடனே கழற்றி, நீர் புகாத உறையிலிட்டு, மேட்டுப்பகுதியிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். கணினியில் உள்ளதை அழித்துவிடாதீர்கள். இரண்டிடத்தில் இருந்தால்தான் பாதுகாப்பு.