இசைக்கேற்ப ஒளிரும் விளக்குகள்: எந்த மென்பொருள்?



அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கார்சன் வில்லியம்ஸ் என்பவர் தம் வீட்டில் அமைத்த 16,000 கிறிஸ்மஸ் விளக்குகள் 2005-ஆம் ஆண்டு இணையத்தின் வழியே உலகெங்கும் பேசப்பட்டன. 88 சேனல்களை லைட்-ஓ-ராமா மென்பொருளில் இசையோடு பொருத்த அவருக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. 

மென்பொருள் தேடுவோர் முதலில் விலையைத்தான் கேட்கின்றனர். விளக்கைப் பார்ப்பதே முறை. சரம் முழுவதும் ஒன்றாக எரிந்து அணையும் என்றால் எந்த மென்பொருளும் போதும். ஒவ்வொரு பல்பும் தனி நிறம் காட்டும் பிக்சல் விளக்குகளுக்கு எக்ஸ்லைட்ஸ் மிகப் பொருத்தம். இலவசம், விண்டோஸ், மேக் இரண்டிலும் இயங்கும். விக்சனும் இலவசமே, ஆனால் விண்டோஸில் மட்டும். லைட்-ஓ-ராமாவுக்குக் கட்டணம் உண்டு. அதே நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஏற்கெனவே வைத்திருப்போருக்கு எளிது.

வாங்குமுன் இலவச மென்பொருள் ஒன்றில் பாடலின் முதல் நிமிடத்தை மட்டும் அமைத்துப் பாருங்கள். எத்தனை மாலைகள் செலவாகும் என்பது தெரிந்துவிடும். திருவருகைக் காலம் பிறந்தபின் உட்கார்ந்தால் விழாவுக்குள் முடியாது.