கம்மியா பறந்த விமானம் நல்ல விமானமா?

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில். டெக்சாஸ்ல வேலை பார்க்குற எங்க திருமானூர்த் தம்பி ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அங்கேயே பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுத்துட்டார். இப்போ நாலு வருஷச் சேமிப்பைப் போட்டு ஒரு பழைய செஸ்னா 172 வாங்கப் போறார். அடுத்த வருஷம் அப்பாவும் அம்மாவும் ஊர்லேர்ந்து வராங்க, அவங்களைப் பின் சீட்ல உட்கார வெச்சுப் பறக்கணும்னு ஆசை. "அண்ணா, ரெண்டு விமானம் பார்த்து வெச்சிருக்கேன். எதை எடுக்கட்டும்?"

நான் பைலட் இல்லை. மெக்கானிக்கல் படிச்சுட்டு கோடு எழுதுற ஆள். ஆனா இந்தக் கேள்விக்குள்ள ஒரு அருமையான இன்ஜினியரிங் பாடம் இருக்கு.

முதல்ல அந்த ரெண்டு விமானம். ஒண்ணு 1979 மாடல். மொத்தமே 2,100 மணி நேரம்தான் பறந்திருக்கு. 1998-ல இன்ஜினை முழுசா பிரிச்சு ஓவர்ஹால் பண்ணியிருக்காங்க, அதுக்கப்புறம் 450 மணி நேரம். கடைசி அஞ்சு வருஷத்துல பறந்தது வெறும் 11 மணி நேரம். புது பெயின்ட், பளபளன்னு இருக்கு. இன்னொண்ணு 1975 மாடல். 9,800 மணி நேரம் பறந்தது. 2016-ல ஓவர்ஹால், அதுக்கப்புறம் 1,100 மணி நேரம். பெயின்ட் மங்கி, சீட் துணியெல்லாம் கிழிஞ்சிருக்கு. முதல் விமானம் 12,000 டாலர் கூட. தம்பியோட மனசு அங்கதான் இருக்கு.

"50 வருஷப் பழசையா வாங்குறது?"ன்னு கேட்பீங்க. 172 விற்பனைக்கு வந்தது 1956-ல. இதுவரைக்கும் 44,000-க்கு மேல செஞ்சிருக்காங்க, உலகத்துலயே அதிகமா தயாரான விமானம் இதுதான். 1986-ல செஸ்னா சின்ன விமானங்கள் செய்யறதையே நிறுத்தி, பத்து வருஷம் கழிச்சுத்தான் திரும்ப ஆரம்பிச்சது. அதனால நடுத்தரச் சம்பளக்காரர் கைக்கு எட்டுற விலையில கிடைக்கிறது பெரும்பாலும் எழுபதுகள்ல செஞ்சதுதான்.

சரி, எது நல்லது? எங்க ஊர்ப் பக்கம் பழைய டிராக்டர் வாங்கப் போனா முதல்ல ஹவர் மீட்டரைத்தான் பார்ப்பாங்க. மணி நேரம் கம்மின்னா விலை கூட. விமானத்துல இந்தக் கணக்கு பாதிதான் சரி.

செஸ்னா 172-ல பெரும்பாலும் லைகமிங் இன்ஜின். அதுல கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேல உட்கார்ந்திருக்கும். இன்ஜின் ஓடும்போது ஆயில் தெறிச்சு கேம்ஷாஃப்ட்டை நனைக்கும். நிறுத்தி வாரக்கணக்குல விட்டா, ஆயில் வடிஞ்சு கீழே போயிடும். மேல இருக்கிற இரும்பு காத்துல இருக்கிற ஈரத்துக்கு வெறுமையா நிக்கும், துரு பிடிக்கும். பிறகு ஒரு நாள் ஸ்டார்ட் பண்ணும்போது அந்தத் துருவே உப்புத்தாள் மாதிரி உலோகத்தைத் தேய்க்கும். வெளியே இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது.

"மாசத்துக்கு ஒரு தடவை தரையிலேயே பத்து நிமிஷம் ஓட்டி வெச்சிருக்கேன்"னு விக்கிறவர் சொன்னா, அது ஆறுதல் இல்லை. பெட்ரோல் எரியும்போது நீராவி வரும். நல்லா சூடாகிப் பறந்தாத்தான் அது ஆவியாகி வெளியே போகும். பத்து நிமிஷ ஓட்டத்துல அந்தத் தண்ணி ஆயிலுக்குள்ளேயே தங்கிடும்.

லைகமிங் கம்பெனி இந்த வகை இன்ஜினுக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 வருஷம், எது முதல்ல வருதோ அப்போ ஓவர்ஹால் பண்ணச் சொல்லுது. சொந்த உபயோகத்துக்கு ஓட்டுறவங்களுக்கு அமெரிக்காவுல இது சட்டக் கட்டாயம் இல்லை, பரிந்துரைதான். ஆனா முதல் விமானம் அந்தப் பன்னிரண்டு வருஷத்தை ரெண்டு மடங்குக்கும் மேல தாண்டியாச்சு. போதாக்குறைக்கு அது 172-என் மாடல். அதுல இருக்கிற ஓ-320-ஹெச்2ஏடி இன்ஜின், கேம் தேய்மானத்துக்கே பேர் போனது. ஓவர்ஹால்னா பல பத்தாயிரம் டாலர். விளம்பரத்துல "450 மணி நேரம்தான்"னு இருக்கிற இன்ஜினை, நாளைக்கே மாத்த வேண்டியதுன்னு கணக்குப் போட்டுத்தான் விலை பேசணும்.

ரெண்டாவது விமானம் வருஷத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல பறந்துக்கிட்டே இருந்திருக்கு. ஆயில் ஓடியிருக்கு, மெக்கானிக் கண் அடிக்கடி பட்டிருக்கு. என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா கண்ணை மூடிக்கிட்டு இல்லை. 2028-ல இதுக்கும் 12 வருஷம் ஆகுது. அதனால பறக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஓவர்ஹாலுக்குன்னு தனியா காசு எடுத்து வைக்கணும்.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது நாலு.

ஒண்ணு, லாக் புக். முதல் நாள்லேர்ந்து விடுபடாம இருக்கணும். நடுவுல சில வருஷம் காணோம்னா, அந்த வருஷங்கள்ல என்ன விபத்து நடந்துச்சோ யாருக்குத் தெரியும்?

ரெண்டு, கட்டாய உத்தரவுகள். ஒரு மாடல்ல ஆபத்தான குறை தெரிஞ்சா, விமான ஒழுங்குமுறை அமைப்பு எல்லா உரிமையாளருக்கும் உத்தரவு போடும். பழைய செஸ்னாவுல சீட் தண்டவாளம் தேஞ்சு, மேலே எழும்பும்போது பைலட் சீட் பின்னாடி சறுக்கின விபத்துகள் உண்டு. கையில பிடிச்சிருக்கிற கன்ட்ரோலையும் சேர்த்து இழுத்துடுவார், மூக்கு மேலே தூக்கிடும். அதனால அந்தத் தண்டவாளத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில அளந்து பார்க்கணும்னு உத்தரவு இருக்கு. அளந்ததுக்கு லாக் புக்ல பதிவு இருக்கான்னு பாருங்க.

மூணு, வாங்குறதுக்கு முந்தின சோதனை. இதைச் செய்ற மெக்கானிக் நீங்க கூட்டிட்டுப் போற ஆளா இருக்கணும். வருஷா வருஷம் அந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போடுறவர் வேண்டாம், தன் வேலையில தானே குறை சொல்ல மாட்டார். சிலிண்டர் கம்ப்ரஷன், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கிறது, ஆயில் ஃபில்டரை அறுத்து உலோகத் துகள் இருக்கான்னு பார்க்கிறது, இறக்கைக்குள்ள அரிப்பு. 9,800 மணி நேரம் பறந்த உடம்புக்கு இந்தக் கடைசி ஐட்டம் ரொம்ப முக்கியம்.

நாலு, காகிதம். நிலம் வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்ப்போம் இல்லையா? அமெரிக்க விமானங்களோட பதிவேடு ஓக்லஹோமா சிட்டியில இருக்கு. பழைய கடன் ஏதாவது அந்த விமானத்து மேல நிக்குதான்னு அங்க தேடிப் பார்க்கலாம். ஐடி மக்கள் இன்னொண்ணையும் கவனிங்க: தனிநபர் பேர்ல அங்க விமானம் பதியணும்னா குடியுரிமையோ கிரீன் கார்டோ வேணும். ஹெச்-1பி விசாவுல இருக்கிறவர் நேரா தன் பேர்ல பதிய முடியாது. டிரஸ்ட் மூலமாத்தான் பெரும்பாலும் செய்றாங்க, அதுக்கு வருஷா வருஷம் செலவு உண்டு. லைசென்ஸ் இருக்குங்கிறதும் சொந்தமா விமானம் வெச்சுக்கிறதும் வேற வேற.

பெத்தவங்களை ஏத்துறதைப் பத்தியும் ஒரு வார்த்தை. நாலு சீட்டுன்னா நாலு பெரியவங்கன்னு அர்த்தமில்லை. டேங்க் நிறைய பெட்ரோல் போட்டா மிச்சம் தூக்குறது சுமார் 280 கிலோ, அது விமானத்துக்கு விமானம் மாறும். அந்த விமானத்தோட எடைக் காகிதத்தைப் பார்த்து, மூணு பேர் எடையையும் பெட்டியையும் கூட்டிப் பாருங்க.

தம்பி கடைசியா, "ஒரு நாள் ஊருக்கே கொண்டு வரலாமா?"ன்னும் கேட்டிருந்தார். கொள்ளிடக் கரையில இறக்க முடியாது தம்பி. தஞ்சாவூர்ல இருக்கிறது விமானப்படை தளம், பக்கத்துல சிவில் ஏர்போர்ட்னா திருச்சிதான். இறக்குமதிக்கு டிஜிசிஏ அனுமதி, வருஷா வருஷம் பறக்கும் தகுதிச் சான்று புதுப்பிப்பு, எல்லாம் தனி வேலை. இதுக்கு ஊத்துற அவ்காஸ் பெட்ரோலை 2022-லதான் இந்தியன் ஆயில் இங்கேயே தயாரிக்க ஆரம்பிச்சது, அதுவரைக்கும் இறக்குமதிதான்.

சோதனைக்கு ஆயிரம் டாலர் போல போகலாம். அந்தக் காசு போகட்டும், "வேண்டாம்"னு சொல்லிட்டு வர்றதுக்கு ஒரு காரணம் கிடைச்சா அதுவே லாபம். முதல் விமானத்தோட பெயின்ட் ரொம்ப அழகுதான் தம்பி. ஆனா அப்பா அம்மாவைத் தூக்கப் போறது பெயின்ட் இல்லை, உள்ளே சுத்துற கேம்ஷாஃப்ட்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.