வைத்தியத்துக்குப் பணம் யார் தருவது?

பிழைப்பைத் தேடி வெளி மாநிலம் வந்த குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால் முதலில் எழும் கேள்வி, பணத்துக்கு எங்கே போவது என்பதுதான். ஊருக்கு அனுப்ப எடுத்து வைத்த தொகை மருந்துக் கடைக்குப் போகிறது. அதுவும் போதாவிட்டால் வீட்டுக்காரியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது.

இதற்கு வழி என்ன என்று சுதந்திரத்துக்கு முன்பே யோசித்தார்கள். சர் ஜோசப் போர் தலைமையில் 1943ல் அமைந்த கமிட்டி, 1946ல் தன் அறிக்கையைக் கொடுத்தது. வைத்தியம் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், வசதி உள்ளவர்கள் தங்கள் பங்கை வரியாகச் செலுத்தட்டும் என்பது அதன் யோசனை. யுத்தத்தில் நொடிந்து போயிருந்த பிரிட்டன், 1948 ஜூலை 5ந் தேதி ஏறக்குறைய இதே முறையில் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியது. இன்றும் அது பெரும்பாலும் வரிப்பணத்தில்தான் நடக்கிறது.

சம்பளப் பிடித்தம்

இந்தியாவில் முதலில் வந்தது சம்பளப் பிடித்தம். 1948ல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24ந் தேதி கான்பூரிலும் டில்லியிலும் ஆரம்பமான இ.எஸ்.ஐ. திட்டம் அது. 2019 ஜூலையில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம் என்று குறைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ரூ.15,000 சம்பளத்துக்குத் தொழிலாளி தருவது சுமார் ரூ.113, முதலாளி தருவது சுமார் ரூ.488. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறாதவருக்கு இது எட்டாது.

எட்டாத ஏழைகளுக்கென 2018 செப்டம்பர் 23ந் தேதி ஆயுஷ்மான் பாரத் காப்பீடு வந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை. பெரும்பாலான மாநிலங்களில் செலவில் மத்திய சர்க்கார் 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் ஏற்கின்றன. ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்தால்தான் பலன். சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு இதில் இடமில்லை.

இலக்கும் கணக்கும்

பொதுப் பணத்திலிருந்து சுகாதாரத்துக்குச் செலவிடுவதை, 2025க்குள் தேச வருமானத்தில் 2.5 சதவீதமாக உயர்த்துவது என்று 2017ம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை கூறியது. 2021-22ல், கொரோனா காலத்தில்கூட, அது 1.84 சதவீதம்தான். அந்த ஆண்டு நாட்டின் வைத்தியச் செலவில் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ரூ.39.40 ஜனங்கள் கைப்பணமாகக் கொடுத்தது. 2013-14ல் இது ரூ.64.20 ஆக இருந்தது. பாரம் குறைந்திருக்கிறது, இறங்கவில்லை.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. 2018 முதல் வருமான வரியின்மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் வசூலாகிறது. செஸ் தொகையை மாநிலங்களுக்குப் பங்கிட்டுத் தர வேண்டியதில்லை என்பது விதி. ஆனால் ஜில்லா ஆஸ்பத்திரியையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் நடத்துவது மாநிலங்கள்தான். வசூல் ஓரிடம், செலவு வேறிடம் என்றால் டாக்டர் இல்லாத நாற்காலியும் மருந்து இல்லாத அலமாரியும் அப்படியேதான் இருக்கும்.

வருமான வரி கட்டாதவரும் சும்மா இல்லை. சோப்பு, பிஸ்கெட் என்று வாங்கும் ஒவ்வொன்றிலும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். அதில் மாநிலத்தின் பங்கு, பொருள் செலவாகும் மாநிலத்துக்கே போய்ச் சேருகிறது. தாராவியில் வாங்கிய சோப்பின் வரி மகாராஷ்டிரத்துக்கு. சிவாஜி நகரில் வாங்கியது கர்நாடகத்துக்கு.

ஆகவே வெளியூர்த் தமிழர் அந்த ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரிக் கியூவில் நிற்கும்போது கூச்சப்பட வேண்டியதில்லை. அங்கே எரியும் விளக்கிலும் ஊற்றும் மருந்திலும் அவருடைய காசும் இருக்கிறது. கட்டிய காசுக்குக் கணக்குக் கேட்பது தர்மம் கேட்பதாகாது.