பொம்மை அல்ல, நிஜ நீராவி என்ஜின்!

வீட்டுத் தோட்டத்தில் ஒரு ரெயில்! சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரெயில் அல்ல. நிலக்கரி போட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்து, "கூ..." என்று ஊதிக்கொண்டு ஓடும் ரெயில். பெரியவர்களும் குழந்தைகளும் அதன் மேல் உட்கார்ந்து போகலாம்.

இப்படி ஒரு ரெயிலை வீட்டில் வைத்திருந்தவர் யார் தெரியுமா? மிக்கி மவுஸ் படங்களைத் தயாரித்த வால்ட் டிஸ்னிதான்.

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருந்த அவருடைய வீட்டில் 1950-ம் ஆண்டு அந்த ரெயில் ஓடத் தொடங்கியது. பாதையின் நீளம் 2,615 அடி. ஏறக்குறைய அரை மைல்! தண்டவாளத்தின் அகலமோ 7¼ அங்குலம்தான். ஒரு சாண் கூட இல்லை. நிஜ என்ஜினின் எட்டில் ஒரு பங்கு அளவில் அந்த என்ஜின் செய்யப்பட்டிருந்தது. மனைவி லில்லியனின் பெயரையொட்டி அதற்கு "லில்லி பெல்" என்று பெயர் வைத்தார், டிஸ்னி.

மனைவியின் பூந்தோட்டம் குறுக்கே நின்றது. அதைக் கெடுக்கலாமா? கூடாது! பூந்தோட்டத்தின் அடியில் 90 அடி நீளத்துக்குச் சுரங்கம் அமைத்து, அதன் வழியாக ரெயிலை விட்டார்.

நண்பர்கள் வந்தார்கள். அவர்களுடைய குழந்தைகள் வந்தார்கள். எல்லோரும் ஏறிச் சுற்றினார்கள். மூன்று ஆண்டுகள் இப்படியே போயின.

1953-ம் ஆண்டில் ஒரு நாள், வந்திருந்த விருந்தினர் ஒருவர் என்ஜினை ஓட்டினார். வளைவில் வேகம் மிஞ்சியது. என்ஜின் தடம் புரண்டு சாய்ந்தது. நீராவி பீறிட்டு அடித்தது. அங்கே ஓடி வந்த 5 வயதுச் சிறுமியின் காலில் அது பட்டுவிட்டது. நல்ல வேளையாகக் காயம் பெரிதல்ல.

ஆனால், அதோடு டிஸ்னி அந்த ரெயிலை நிறுத்திவிட்டார்.

உருவம் சிறிதுதான். அப்படியிருந்தும் ஏன் இந்தப் பயம்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

குக்கரை விட ஐந்து மடங்கு!

உங்கள் வீட்டுச் சமையல் அறையில் பிரஷர் குக்கர் இருக்கிறதா? அதற்குள் இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. அதை அடுப்பிலிருந்து இறக்கிய உடனே திறக்க யாராவது துணிவார்களா?

ஆள் ஏறும் குட்டி என்ஜினின் பாய்லரில் 80 முதல் 100 பவுண்டு வரை அழுத்தம் இருக்கும். அதாவது, குக்கரை விட ஐந்து, ஆறு மடங்கு!

வெறும் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. 80 பவுண்டு அழுத்தத்தில் அது 160 டிகிரியையும் தாண்டிச் சூடாகிறது. தண்ணீர் நீராவியாகிக் காற்று வெளியில் பரவினால், பழைய இடத்தைப் போலச் சுமார் 1,600 மடங்கு இடம் அதற்கு வேண்டும். பாய்லர் திடீரென்று உடைந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே, என்ஜினை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கலாம். கவனத்தைச் சுருக்க முடியாது.

"சுக்... சுக்..." ஏன்?

என்ஜினின் பின்புறத்தில் அடுப்பு. அதில் நிலக்கரி எரிகிறது. அந்தச் சூட்டுப் புகை, தண்ணீருக்குள்ளே பதித்த பல சிறு குழாய்கள் வழியாக முன்புறப் புகைபோக்கிக்குப் போகிறது. போகும் வழியில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. எழும் நீராவி சிலிண்டருக்குப் போய், பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் சக்கரத்தைச் சுற்றுகிறது.

வேலை முடித்த நீராவி வீணாவதில்லை. அது புகைபோக்கி வழியாக மேலே பாய்கிறது. பாயும்போது அடுப்பிலிருந்து புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அடுப்பில் காற்று ஏறி, தீ கொழுந்து விடுகிறது. நாம் கேட்கும் "சுக்... சுக்..." சத்தம், அந்த நீராவி வெளியேறும் சத்தம்தான்.

1829-ல் ஸ்டீவன்சனின் "ராக்கெட்" என்ஜின் ஓடியதும் இதே முறையில்தான். குட்டி என்ஜினும் அப்படியே ஓடுகிறது.

இந்தப் பொழுதுபோக்கு பிரிட்டனில் வேரூன்றியது. "மாடல் என்ஜினீயர்" என்ற பத்திரிகை 1898-ம் ஆண்டிலேயே லண்டனில் தொடங்கிவிட்டது. இத்தனை சிறிய என்ஜின், நிலக்கரியில் ஓடி ஆளை இழுக்குமா என்று 1920-களில் பெரிய வாக்குவாதம் நடந்தது. "எல்.பி.எஸ்.சி." என்ற புனைபெயரில் எழுதி வந்த ஒருவர், 2½ அங்குலப் பாதையில் ஓடும் என்ஜினால் ஆளை இழுத்துக் காட்டி, அந்த வாதத்துக்கு விடை சொன்னார். இன்று பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் இதற்கென்றே சங்கங்கள் இருக்கின்றன.

பரீட்சையில் தேற வேண்டும்

பாய்லரைச் செய்து முடித்ததும் தீ மூட்டிவிட முடியாது. முதலில் அதற்குப் பரீட்சை!

பாய்லர் முழுவதும் பச்சைத் தண்ணீரை நிரப்புவார்கள். உள்ளே காற்று துளியும் இருக்கக் கூடாது. பிறகு கைப் பம்பினால் அழுத்தத்தை ஏற்றுவார்கள். ஓடும்போது 80 பவுண்டு என்றால், இந்தச் சோதனையில் 160 பவுண்டு. அதாவது இரண்டு மடங்கு! தகடு வீங்குகிறதா, மூட்டுகள் கசிகின்றனவா என்று பார்ப்பார்கள்.

நீராவிக்குப் பதில் தண்ணீர் எதற்கு? நீராவி அமுங்கி நிற்கும். விட்டால் வெடித்து விரியும். தண்ணீர் அப்படி அமுங்காது. எங்காவது விரிசல் விட்டால் சிறிது தண்ணீர் கசியும். அழுத்தம் உடனே இறங்கிவிடும். யாருக்கும் ஆபத்து இல்லை.

பிரிட்டிஷ் சங்கங்களின் விதிப்படி, செம்புப் பாய்லருக்கு இந்தத் தண்ணீர்ச் சோதனையை நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் செய்ய வேண்டும். அப்போது ஒன்றரை மடங்கு அழுத்தம் போதும். ஆண்டுதோறும் நீராவியிலும் சோதனை உண்டு. இன்னொரு விஷயம்: ஒருவர் தன் பாய்லருக்குத் தானே சான்று கொடுக்க முடியாது. வேறொருவர்தான் பார்க்க வேண்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா?

காலை வேலை

தீ மூட்டும் முன் என்ஜினைச் சுற்றிப் பார்க்க வேண்டும். தளர்ந்த திருகாணி உண்டா? சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா? பிறகு அச்சு, தண்டு எல்லாவற்றுக்கும் எண்ணெய். சிலிண்டருக்கு மட்டும் சாதாரண எண்ணெய் உதவாது. நீராவிச் சூட்டைத் தாங்கும் கெட்டியான எண்ணெய் வேண்டும்.

அடுத்தது தண்ணீர். பாய்லரின் பின்புறம் ஒரு சிறு கண்ணாடிக் குழாய் நிற்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டும். அதில் முக்கால் பாகம் தண்ணீர் தெரிந்த பிறகே தீக்குச்சியைத் தொட வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக் கரியைப் போட்டுப் பற்ற வைப்பார்கள். புகைபோக்கியின் மேல் ஒரு சிறு மின்விசிறியை வைத்துப் புகையை இழுப்பார்கள். கரி கனிந்ததும் நிலக்கரி. அழுத்தம் ஏறத் தொடங்கியதும் மின்விசிறியை எடுத்துவிட்டு, "புளோயர்" என்னும் நீராவிக் குழாயைத் திறந்துவிட்டால் அடுப்பு தானாகவே காற்றை இழுத்துக்கொள்ளும்.

அழுத்த முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும், "சேப்டி வால்வு" திறந்து நீராவியைக் கக்க வேண்டும். தீ எவ்வளவு எரிந்தாலும், கோட்டுக்கு மேல் பத்தில் ஒரு பங்குக்கு அதிகமாக அழுத்தம் ஏறக் கூடாது. வால்வு திறக்காத என்ஜினை அன்று ஓட்டவே கூடாது. "இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும்" என்று வால்வின் திருகை முறுக்குவது மகா தவறு.

கண்ணாடிக் குழாயில் கண்!

குட்டி என்ஜினை ஓட்டுகிறவருக்கு ஆயிரம் வேலை இருக்கலாம். எல்லாவற்றிலும் பெரிய வேலை ஒன்றுதான். தண்ணீரைக் கவனிப்பது!

ஏன்? அடுப்பின் மேல் தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கி இருக்க வேண்டும். தண்ணீர் இருக்கும் வரை அது தகட்டின் சூட்டை வாங்கிக்கொள்ளும். தண்ணீர் குறைந்து தகடு வெளியே தெரிந்தால், கீழே எரியும் தீயில் உலோகம் இளகிப் பலம் இழந்துவிடும். பாலில்லாத வெறும் சட்டி அடுப்பில் இருந்தால் என்ன ஆகும்? அதே கதிதான். ஆனால் இங்கே மேலே 80 பவுண்டு அழுத்தம் வேறு அழுத்திக்கொண்டிருக்கும்.

2001-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், மெடினா என்ற ஊரின் பொருட்காட்சித் திடலில் ஒரு பழைய நீராவி என்ஜின் வெடித்தது. அது குட்டி என்ஜின் அல்ல. பண்ணை வேலைக்குப் பயன்பட்ட பெரிய என்ஜின். 5 பேர் மாண்டார்கள். பலர் காயம் அடைந்தார்கள். பாய்லரில் தண்ணீர் குறைந்திருந்தது; அடுப்பின் மேல் தகடோ ஏற்கனவே தேய்ந்து மெலிந்திருந்தது. பெரிய என்ஜினுக்கும் சிறிய என்ஜினுக்கும் இந்தப் பாடம் ஒன்றுதான்.

கண்ணாடிக் குழாயையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அதன் துவாரத்தில் அழுக்கு அடைத்தால், இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டும்! அதனால் அதன் அடியில் உள்ள குமிழை அடிக்கடி திறந்து மூட வேண்டும். தண்ணீர் கீழே பாய்ந்து, மூடியதும் சட்டென்று மேலே ஏறினால் குழாய் சுத்தம். மெதுவாக ஊர்ந்து ஏறினால் அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

தண்ணீர் ஊட்டவும் இரண்டு வழி வேண்டும். சக்கர அச்சில் பூட்டிய பம்பு, வண்டி ஓடினால்தான் வேலை செய்யும். நின்றுவிட்டால்? கைப் பம்பு வேண்டும். அல்லது நீராவியின் வேகத்தாலேயே தண்ணீரைத் தள்ளும் "இன்ஜெக்டர்" வேண்டும். ஒன்று கைவிட்டால் மற்றது காப்பாற்றும்.

இரண்டும் கைவிட்டு, கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லையா? பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரை உள்ளே விடக் கூடாது! பழுக்கக் காய்ந்த தகட்டில் அது பட்டால் ஆபத்து. உடனே அடுப்பின் கம்பிகளை இழுத்து நெருப்பைக் கீழே கொட்டிவிட வேண்டும். பிறகு ஒதுங்கி நின்று, என்ஜின் தானாக ஆற விட வேண்டும்.

புறப்படலாமா?

புறப்படும்போது சிலிண்டரின் வடிகுழாய்களைத் திறந்து வைக்க வேண்டும். குளிர்ந்த சிலிண்டரில் நீராவி தண்ணீராக மாறித் தேங்கி நிற்கும். தண்ணீர் அமுங்காது என்று முன்பே சொன்னோம். அது வெளியே போகாவிட்டால் சிலிண்டர் மூடியே உடையலாம். வடிகுழாயிலிருந்து சீறி வரும் சூட்டில் யாரும் நிற்கவில்லையே என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்தும்போது, முதலில் புளோயரைத் திற. பிறகு நீராவியை மூடு. மாற்றிச் செய்தால் அடுப்பின் வாய் வழியாகத் தீ, ஓட்டுகிறவர் மேலேயே பாயும்.

குழந்தைகள் ஏறினால் இன்னும் கவனம் வேண்டும். கைகால்களை வெளியே நீட்டக் கூடாது. ஓடும்போது எழுந்திருக்கக் கூடாது. வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். குறுகிய பாதையில் உயரமாக மனிதர்கள் உட்கார்ந்தால், வண்டி சாய்வது எளிது. பழகாதவர் கையில் என்ஜினைத் தனியே விடவே கூடாது.

மேஜை மேல் ஓடும் மிகச் சிறிய என்ஜின்களுக்கும் விதி உண்டு. அவற்றில் சில, ஸ்பிரிட் விளக்கில் ஓடும். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது. "அணைந்துவிட்டது" என்று எண்ணி ஸ்பிரிட் ஊற்றினால், பாட்டிலே பற்றிக்கொள்ளும். விளக்கு நன்றாக ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல், சிறுவர்கள் இதைத் தொடக் கூடாது.

மாலை வேலை

ஓட்டம் முடிந்ததும் நெருப்பை எடுத்துவிட வேண்டும். அழுத்தம் இறங்கிய பின் அடிக்குழாயைத் திறந்து, அழுக்குத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். பாய்லரிலும் அப்படியே படியும். படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே தங்கிவிடும். மழைத் தண்ணீரைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை குறைவு.

சாம்பலை அள்ளி, குழாய்களைத் தூரிகையால் துடைக்க வேண்டும். நிலக்கரிச் சாம்பலில் ஈரம் சேர்ந்தால் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். குளிர் நாடுகளில் பாய்லரையும் பம்புகளையும் வடித்துக் காலியாக வைப்பார்கள். தண்ணீர் உறைந்து பனிக்கட்டியானால் குழாய்கள் வெடித்துவிடும்.

லில்லி பெல் என்ன ஆயிற்று?

தோட்டத்து ரெயில் நின்றது. ஆனால் டிஸ்னியின் ரெயில் ஆசை நிற்கவில்லை. 1955-ல் அவர் டிஸ்னிலாந்து பூங்காவைத் திறந்தபோது, அதைச் சுற்றி நீராவி ரெயில் ஓடியது.

லில்லி பெல் இன்று சான்பிரான்சிஸ்கோவில், டிஸ்னி குடும்ப அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த என்ஜின் அன்று வளைவில் மெதுவாகப் போயிருந்தால், தோட்டத்தில் இன்னும் பல ஆண்டுகள் குழந்தைகளைச் சுமந்திருக்கும்.