குடியை விட்டவருக்குப் பீடி துணையா?

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றபோது, தவணை தவறியோர் பட்டியலில் ஒரு பெயரைக் கண்டு திடுக்கிட்டோம். ஏழு மாதங்களாக மதுவைத் தொடாது, ஒழுங்காக நூல் வாங்கிச் சேலை நெய்து கொடுத்து, பழைய பாக்கியில் பாதியை அடைத்துவந்த அங்கத்தினர் அவர். மீண்டும் குடியில் விழுந்துவிட்டார் என்று காரியதரிசி வருத்தத்துடன் கூறினார்.

முன்னொரு முறை அவர் மனைவியார் நம்மிடம், "குடியை விட்டதிலிருந்து பீடி ஒரு கட்டு இரண்டு கட்டாயிற்று, ஐயா" என்று முறையிட்டதுண்டு. "குடி போயிற்றே அம்மா, பீடியாவது இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சமாதானம் சொன்னவர்கள் நாமே. அது பிழையான யோசனை என்பதைப் பின்னரே படித்தறிந்தோம்.

புகையிலையில் நிகோடின் என்னும் பொருள் உளது. புகையை இழுத்த சில விநாடிகளில் அது மூளையை எட்டி, டோபமின் என்னும் சுரப்பைக் கூட்டுகிறது. பசித்தவன் உண்ணும்போதும் சுரப்பது அதுவே. செய்ததை மறுபடியும் செய்யத் தூண்டுவது அதன் தொழில். மதுவும் வேறு வழியாகச் சென்று இதே சுரப்பைத்தான் கூட்டுகிறது. ஒரே வயலுக்கு இரண்டு மடைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை அடைத்துவிட்டு மற்றதைத் திறந்து வைத்தால் வயல் எவ்வாறு காயும்?

கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சோதனை இங்கு அறியத்தக்கது. ஒரு விசையை அழுத்தினால் மது கிடைக்கும் என்று எலிகளைப் பழக்கினர். பின்பு மது வருவதை நிறுத்தவே, எலிகளும் விசையைக் கைவிட்டன. அந்நிலையில் நிகோடினை ஊசி மூலம் செலுத்தினர். மது ஒரு துளியும் காட்டப்படாதிருந்தும், எலிகள் மீண்டும் மதுவை நாடி விசையை அழுத்தலாயின!

மனிதனுக்கோ இதனுடன் நினைவும் சேர்ந்துகொள்கிறது. பல்லாண்டுகள் குடியும் புகையும் ஒரே பெஞ்சில், ஒரே நண்பருடன், ஒரே கூலி நாளில் நடந்திருக்கின்றன. ஒன்றின் மணம் மற்றதை அழைத்து வருவதில் வியப்பில்லை. மேலும், பீடி இழுத்துச் சில மணி நேரமானால் எரிச்சலும் மன அமைதியின்மையும் எழும். அவற்றைத் தணிக்க அவர் முன்பு நாடிய மருந்து மதுவன்றோ? புகையை விட்டவர் குடிக்கும் வேளையில் வழுக்குவதும் உண்டு.

"இரண்டையும் சேர்த்து விட உடம்பு தாங்குமா?" என்று கேட்பர். பல சோதனைகளைத் திரட்டி அமெரிக்காவில் 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், போதைச் சிகிச்சையுடன் புகையை விடவும் உதவி பெற்றோர், மதுவையும் பிற போதைகளையும் நெடுநாள் விட்டிருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே ஆண்டு வந்த மற்றோர் ஆய்வோ, புகைக்கான சிகிச்சையை ஆறு மாதம் தள்ளித் தொடங்கியவர்கள் மது விஷயத்தில் சற்று மேலாக இருந்தனர் என்றது. ஆகவே எப்போது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். விடவே வேண்டாம் என்பதற்கு இடமில்லை. குடிக்குச் சிகிச்சை பெற்ற 845 பேரை அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 1996-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் இறந்த 222 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேரின் முடிவுக்குப் புகையிலையே தொடர்புடையதாயிருந்தது. மதுவின் பங்கு மூன்றில் ஒன்று.

நம் அங்கத்தினருள் புகையிலை பயிரிடுவோரும் உளர். அவர்தம் உழைப்பைக் குறை கூறுவது நம் நோக்கமன்று.

ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கண்ட பின்னரே நிறுத்துதல் வேண்டும்.

மேற்படி அங்கத்தினர் இப்போது மருத்துவமனைக்குச் சென்று வருகிறார். அவருடைய பாக்கிக்கு நிர்வாகக் குழு புதிய தவணை வகுத்திருக்கிறது. கூலி நாளில் மனைவியாரும் உடன் வருகிறார். சென்ற வாரம் சங்கத் திண்ணையில் ஒருவர் அவரிடம் பீடிக்கட்டை நீட்டினார். காரியதரிசி எழுந்து சென்று அதைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.