வரியில்லாச் சேமிப்பை அறிவோம்

வளமான ஏழு ஆண்டுகளில் தானியத்தைச் சேர்த்துவைத்து, பஞ்சம் வந்தபோது எகிப்து நாட்டைக் காத்தவர் யோசேப்பு. திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளிலும் சின்னாளப்பட்டித் தறிகளிலும் நிலக்கோட்டைப் பூந்தோட்டங்களிலும் உழைக்கும் நம் குடும்பங்களுக்கும் அந்த முன்மதி வேண்டும். சீட்டுக்கும் நகைக்கும் போகும் பணத்தில் ஒரு பகுதியேனும் அரசின் காவலில் இருத்தல் நன்று.

அத்தகைய காவல்களுள் ஒன்று, 1968ஆம் ஆண்டில் தோன்றிய பொது வருங்கால வைப்பு நிதி. அஞ்சலகங்களிலும் வங்கிகளிலும் இக்கணக்கைத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாயும், மிகுந்தால் 1,50,000 ரூபாயும் செலுத்தலாம். முதிர்வுக்காலம் 15 ஆண்டுகள். ஒருவருக்கு ஒரு கணக்கே உண்டு. பிள்ளையின் பெயரில் தொடங்கினால், பெற்றோர் கணக்கையும் சேர்த்தே அவ்வுச்ச வரம்பு கணக்கிடப்படும்.

பெண் குழந்தைகளுக்கென 2015இல் வந்தது செல்வமகள் சேமிப்புத் திட்டம். பத்து வயது நிறையுமுன் கணக்கைத் தொடங்கவேண்டும். ஆண்டுக்கு 250 ரூபாயே குறைந்த அளவு. பதினைந்து ஆண்டுகள் செலுத்தினால், தொடங்கிய நாளிலிருந்து 21ஆம் ஆண்டில் முதிரும். மகளின் மேற்படிப்புக்கென இடையில் பாதித் தொகை வரை பெறலாம்.

வட்டி விகிதத்தை அரசு காலாண்டுதோறும் அறிவிக்கின்றது. வைப்பு நிதிக்கு 2020 ஏப்ரலில் 7.1 விழுக்காடு என நிர்ணயித்தது. அவ்விகிதம் மாறாதிருப்பின், ஆண்டுத் தொடக்கந்தோறும் 12,000 ரூபாய் செலுத்துவோர், 15 ஆண்டுகளில் செலுத்திய 1,80,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 3,25,000 ரூபாய் பெறுவர். அவ்வட்டிக்கு வருமான வரி இல்லை.

இங்கேதான் பலர் குழம்புகின்றனர். செலுத்தும் தொகையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை ஒன்று. வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரியின்மை மற்றொன்று. 2023-24 நிதியாண்டு முதல் இயல்பான முறையாகிய புதிய வரிமுறையில் முன்னது கிடையாது; பின்னது நிலைத்திருக்கின்றது. ஆகவே, சலுகை போயிற்றென்று கணக்கைக் கைவிடும் ஆசிரியரும் ஊழியரும் தமக்கே நட்டம் தேடிக்கொள்கின்றனர்.

வரி கட்டுமளவு வருமானமில்லாத ஏழைக்கு இதனால் என்ன பயன் என்று வினவலாம். வரிவிலக்கால் அவருக்குப் புதிதாக ஆதாயமில்லை என்பது மெய்யே. ஆயினும் முதலுக்கு அரசின் உறுதியுண்டு. கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்தாலும், வைப்பு நிதியிலுள்ள பணத்தை நீதிமன்றம் ஜப்தி செய்ய இயலாது. கந்துவட்டியால் நிலைகுலையும் இல்லங்களைக் கண்டிருக்கும் நமக்கு இதன் அருமை விளங்கும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை சில. மாதத்தின் ஐந்தாம் தேதிக்குள் செலுத்தினால்தான் அம்மாதத்திற்கும் வட்டி சேரும். ஓர் ஆண்டு தவறினால் கணக்கு செயலற்றுப்போகும். நிலுவையும் ஆண்டுக்கு 50 ரூபாய் அபராதமும் கட்டிப் புதுப்பிக்கலாம். அவசரத் தேவைக்கான பணத்தை இதில் முடக்கலாகாது. வைப்பு நிதியில் மூன்றாம் ஆண்டு முதல்தான் கடனும், ஏழாம் ஆண்டு முதல்தான் ஒரு பகுதியும் பெற முடியும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, வைப்பு நிதியில் வாரிசு நியமனம் செய்யுங்கள். கணக்குப் புத்தகம் இருக்குமிடத்தைத் துணைவியாருக்குச் சொல்லுங்கள். கணவர் சேமித்தது தெரியாமலே ஒரு கைம்பெண் வறுமையில் வாடலாகாது. அன்பியக் கூட்டங்களில் இதைப் பற்றி ஒரு நாள் பேசுவோம். படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு நம் இளைஞர்கள் துணை செல்லட்டும். அதுவும் பிறரன்புப் பணியே.