எழுபது மணி நேர இசைப் பெட்டி: வாங்கத் தகுமா?

ஒரே ராக் இசைக் குழு, ஒரே பயணம், 22 கச்சேரிகள், 73 குறுந்தகடுகள், 70 மணி நேரத்துக்கும் மேற்பட்ட இசை. அமெரிக்காவின் 'கிரேட்ஃபுல் டெட்' குழு 1972-இல் ஐரோப்பாவில் நடத்திய கச்சேரிகள் அனைத்தும், ஒன்று விடாமல், 2011-இல் ஒரே தொகுப்பாக வெளியிடப்பட்டன. கப்பல் பயணிகள் ஒரு காலத்தில் கொண்டுசென்ற டிரங்குப் பெட்டியின் வடிவில் அமைந்த அத்தொகுப்பின் விலை 450 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 20,000 ரூபாய். விற்பனைக்கு வைக்கப்பட்டவை 7,200 பிரதிகள் மட்டுமே. முன்பதிவு தொடங்கிய சில நாள்களிலேயே அனைத்தும் விற்றுத் தீர்ந்தன.

விலையைவிட வியப்புக்குரியது வேறொன்று. இந்தக் குழுவின் கச்சேரிப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படியிருந்தும் பணம் கொடுத்து வாங்க இத்தனை பேர் முன்வந்தது ஏன்? அவர்கள் வாங்கியது அந்த விலைக்குத் தகுமா?

இக்கேள்வி ஒரு குழுவின் ரசிகர்களுக்கு மட்டும் உரியதன்று. இதே குழுவின் பெயரில் 2015-இல் 80 குறுந்தகடுகள் கொண்ட இன்னொரு தொகுப்பு வந்தது. விலை ஏறத்தாழ 700 டாலர். பாப் டிலனின் 1966-ஆம் ஆண்டுக் கச்சேரிகள் 2016-இல் 36 குறுந்தகடுகளாக வெளிவந்தன. மாதக் கட்டணம் செலுத்தினால் உலகின் இசையெல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிடும் காலத்தில்தான் 'பாக்ஸ் செட்' எனப்படும் இந்தப் பெட்டித் தொகுப்புகள் மேலும் மேலும் பெருத்துக்கொண்டே போகின்றன.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடைப் பதிவுகளின் பெட்டித் தொகுப்பில் நாம் விலைகொடுத்துப் பெறுவது ஓர் இரவுக்கும் மறு இரவுக்கும் இடையிலான வேறுபாட்டை. அந்த வேறுபாடு உண்மையாகவே இருந்து, அதைக் கேட்டு உணர நமக்கு நேரமும் இருந்தால் வாங்கலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றால், நம் வீட்டுக்கு வந்து சேர்வது வெறும் பெட்டிதான்.

பெட்டிகள் பெருகுவது ஏன்?

குறுந்தகடு வாங்குவோர் குறைந்துவிட்டனர். எஞ்சியிருப்பவர்கள் தீவிர ரசிகர்கள். அவர்களில் பலர் நடுவயதைக் கடந்து கையில் பணம் உள்ளவர்கள். லட்சம் பேருக்குப் பத்து டாலருக்கு விற்பதைவிட ஏழாயிரம் பேருக்கு 450 டாலருக்கு விற்பது எளிது என்பதை இசை நிறுவனங்கள் கண்டுகொண்டன. 7,200 பிரதிகள் என்றால் 32 லட்சம் டாலருக்கும் மேல். இசையை உருவாக்கும் செலவு பல பத்தாண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. இப்போது ஆவது நாடாக்களைச் சீரமைத்து, ஒலியைச் சமன்செய்து, அச்சிடும் செலவு மட்டுமே.

இன்னொரு காரணம் சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக் காலத்தை 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆண்டுகளாக நீட்டித்தது. ஆனால், பதிவான 50 ஆண்டுகளுக்குள் வெளியிடப்படாத பதிவுகளுக்கு அந்த நீட்டிப்பு கிடையாது. எனவே, பெட்டகங்களில் உறங்கிக்கொண்டிருந்த நாடாக்களுக்குத் திடீரென்று அவசரம் பிறந்தது. பாப் டிலனின் 1962-ஆம் ஆண்டுப் பதிவுகள் 2012-இல் ஏறத்தாழ நூறு பிரதிகளாக மட்டும் வெளியிடப்பட்டபோது, 'பதிப்புரிமை நீட்டிப்புத் தொகுப்பு' என்று அதன் துணைத் தலைப்பிலேயே நோக்கம் எழுதப்பட்டிருந்தது. ரசிகர்களுக்கான பரிசு என்று விளம்பரம் செய்யப்படுவனவற்றுள் சில வழக்கறிஞர்களின் நாள்காட்டியைப் பார்த்து வெளியிடப்படுபவை என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

ஒரே பாடல், வேறு இரவு

வேறுபாடு என்று நான் சொல்வதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். டிலனின் 1966-ஆம் ஆண்டுப் பயணத்தில் ஊர்தோறும் ஏறத்தாழ அதே பாடல்கள், அதே வரிசையில் பாடப்பட்டன. வரலாற்று ஆவணம் என்ற வகையில் அந்த 36 குறுந்தகடுகளுக்கு மதிப்பு உண்டு. ஆனால், ஒரு சாதாரண ரசிகருக்கு அவற்றுள் சிறந்த ஓர் இரவே போதும். 'டீப் பர்ப்பிள்' குழுவின் 'மேட் இன் ஜப்பான்' 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடந்த மூன்று கச்சேரிகளிலிருந்து தேர்ந்தெடுத்த பாடல்களைக் கொண்டது. அந்த மூன்று இரவுகளும் 1993-இல் மூன்று குறுந்தகடுகளாக விரிவாக வந்தன. கிதார் தனிவாசிப்புகளில் நுட்பமான வேறுபாடுகள் உள்ளன என்பது உண்மை. எனினும், முதலில் வந்த ஆல்பமே அவற்றின் சாரம்.

'கிரேட்ஃபுல் டெட்' இதற்கு நேர்மாறானது. 1965 முதல் 1995 வரை 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகளை நடத்திய இக்குழு, இன்று என்ன வாசிப்பது என்பதைப் பெரும்பாலும் மேடையிலேயே முடிவுசெய்தது. அவர்களின் 'டார்க் ஸ்டார்' பாடல் 1968-இல் தனித்தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. மறு ஆண்டு வெளியான 'லைவ்/டெட்' மேடைப் பதிவில் அது 23 நிமிடங்களுக்கு விரிந்தது. 1972 மே 11 அன்று ராட்டர்டாமில் வாசிக்கப்பட்டபோதோ முக்கால் மணி நேரத்தையும் தாண்டியது. ஒரே ராகத்தை ஒரே வித்வான் வெவ்வேறு நாள்களில் விரித்ததை ஒப்பிட்டுக் கேட்டுப் பழகிய கச்சேரி ரசிகர்களுக்கு இதன் சுவையை விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பியப் பயணத்தில் 'டார்க் ஸ்டார்', 'தி அதர் ஒன்' என்ற இரண்டு நெடும் பாடல்களையும் பெரும்பாலும் மாற்றி மாற்றி வாசித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவை வேறு இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. மறுபுறம், 'டென்னசி ஜெட்' போன்ற குறும்பாடல்கள் ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் வருகின்றன. அவற்றில் வேறுபாடு மிகக் குறைவு. ஆக, வேறுபாட்டுக்குப் பெயர்பெற்ற இக்குழுவின் பெட்டியிலும் கணிசமான பகுதி திரும்ப வருவதுதான். எழுபது மணி நேரம் என்ற எண்ணைக் கண்டு மயங்குவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இலவசத்துக்கு மேல் என்ன?

கச்சேரிகளை ரசிகர்கள் பதிவுசெய்துகொள்ளவும், விற்காதவரை தமக்குள் பரிமாறிக்கொள்ளவும் இக்குழு அனுமதித்தது. 1984-இல் ஒலிவாங்கிகளுடன் வருவோருக்கென அரங்கில் தனி இடமே ஒதுக்கப்பட்டது. இசைத்துறை இதைத் தற்கொலை என்று கருதியிருக்கக்கூடும், நடந்ததோ வேறு. கைக்குக் கை மாறிய ஒலிநாடாக்களே புதிய ரசிகர்களைக் கச்சேரிக்கு அழைத்து வந்தன.

இலவசப் பதிவு இருந்தால் விற்பனை படுத்துவிடும் என்ற அச்சத்துக்கும் இக்குழுவின் வரலாறே மறுமொழி. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் அரங்கில் நடந்த கச்சேரியைக் குழுவின் ஒலிப்பொறியாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் பதிவுசெய்தார். அவரது சேமிப்பறையிலிருந்த நாடாக்கள் வாடகை பாக்கிக்காக 1986-இல் ஏலத்துக்குப் போயின. வாங்கியவர்களிடமிருந்து படிகள் பரவின. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தக் கச்சேரியைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்ப்பதாக 2012-இல் அறிவித்தபோதும் அது அதிகாரபூர்வமாக வெளிவந்திருக்கவில்லை. 2017-இல்தான் வந்தது. பல ஆண்டுகளாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அப்போது விலைகொடுத்து வாங்கினார்கள்.

அவர்களை ஏமாளிகள் என்று நான் கருதவில்லை. 1972-ஆம் ஆண்டுப் பயணத்தின் செலவை ஈடுகட்ட ஒரு மேடை ஆல்பம் தேவைப்பட்டதால், 16 தடப் பதிவுக் கருவி ஒன்று ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டது. ஒவ்வொரு குரலும் கருவியும் தனித்தனித் தடத்தில் பதிவானதால், பிற்காலத்தில் அவற்றை மீண்டும் கலந்து சமன்செய்ய முடிந்தது. இரண்டே தடங்களில் பதிவான நாடாவிலோ, அரங்கின் நடுவிலிருந்து ஒரு ரசிகர் எடுத்த பதிவிலோ இதற்கு வாய்ப்பில்லை. பேஸ் கிதாரும் பியானோவும் தனித்தனியே எங்கே நிற்கின்றன, எப்போது ஒன்றையொன்று தேடிச் செல்கின்றன என்பது இப்பெட்டியில் தெளிவாகக் கேட்கிறது. கூட்டாகக் கற்பனை செய்து வாசிக்கும் ஒரு குழுவுக்கு இந்தத் தெளிவு அலங்காரமாகாது. இசையின் பொருளே அதில்தான் இருக்கிறது.

காந்த நாடா அழியக்கூடியது என்பதையும் மறக்கலாகாது. யாராவது செலவு செய்து மீட்காவிட்டால், சேமிப்பறையில் இருக்கும் இசை ஒருநாள் இல்லாமல் போகும். பெட்டிக்கு நாம் கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதியாவது அந்த மீட்புக்குப் பயன்படுகிறது.

ஒரு மனிதரின் கடைசிப் பயணம்

முழுத் தொகுப்பு மட்டுமே தரக்கூடிய ஒன்றும் இதில் உள்ளது. குழுவின் தொடக்க உறுப்பினரும் புளூஸ் பாடகருமான ரான் மெக்கர்னன், 'பிக்பென்' என்ற பெயரால் அறியப்பட்டவர். 1971-இல் கல்லீரல் நோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஓரளவு தேறி, இந்தப் பயணத்துக்கு வந்தார். அதுவே அவரது கடைசிப் பயணம். 1973 மார்ச்சில், 27 வயதில் இறந்தார்.

1972 நவம்பரில் மூன்று தட்டுகளாக வெளியான 'யூரோப் 72' ஆல்பத்தில் அவர் முன்னின்று பாடுபவை இரண்டே பாடல்கள். அந்த ஆல்பத்தின் குரல்களில் பலவும் ஊர் திரும்பிய பின் ஸ்டூடியோவில் மறுபடி பாடிச் சேர்க்கப்பட்டவை. பெட்டித் தொகுப்பிலோ அவர் இரவுதோறும் பல பாடல்களைப் பாடுகிறார். எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் இடம்பெறாத 'டூ சோல்ஸ் இன் கம்யூனியன்' என்ற அவரது சொந்தப் பாடல் மீண்டும் மீண்டும் வருகிறது. ஏப்ரல் 7 அன்று லண்டனில் தொடங்கி, மே 26 அன்று அதே லண்டனின் லைசியம் அரங்கில் முடியும் வரை அவரைப் பின்தொடர்ந்து கேட்பவருக்கு, அந்த மெல்லிய பாடல் இரவுக்கு இரவு கனத்துக்கொண்டே போவதாகத் தோன்றும். அடுத்த ஆண்டு நிகழவிருப்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். தேர்ந்தெடுத்த பாடல்களைக் கொண்ட எந்தத் தொகுப்பாலும் இந்த அனுபவத்தைத் தர இயலாது.

எப்படி வாங்குவது?

கணக்கிட்டுப் பார்த்தால், 450 டாலரில் ஒரு குறுந்தகட்டின் விலை ஆறு டாலருக்குச் சற்று மேல், மலிவுதான். ஆனால், பெட்டியின் உண்மையான விலை பணத்தில் இல்லை. வாரம் ஒரு கச்சேரி என்று கேட்டால் 22 வாரங்கள், அதாவது ஐந்து மாதங்கள் ஆகும். ஒரு கச்சேரி சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும். வேறு வேலை செய்துகொண்டே காதோரம் ஓடவிட்டால், இரவுகளுக்கு இடையிலான வேறுபாடு செவியில் விழாது. அப்படிக் கேட்பதற்கு மாதக் கட்டணச் சேவையே போதுமானது.

எனவே, வாங்க விரும்புவோருக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் 1972-ஆம் ஆண்டின் மூன்று தட்டு ஆல்பத்தைக் கேளுங்கள். பிடித்திருந்தால், முழுக் கச்சேரி ஒன்றை மட்டும் வாங்குங்கள். ராட்டர்டாம் கச்சேரியோ லைசியம் அரங்கின் இறுதி இரவோ நல்ல தொடக்கம். 22 கச்சேரிகளும் பின்னர் தனித்தனியாகவும் விற்பனைக்கு வந்தன என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதன் பிறகு இரண்டாவது கச்சேரி ஒன்றைக் கேட்கும்போது, முதலாவதிலிருந்து அது எங்கே விலகுகிறது என்று மனம் தானாகவே தேடத் தொடங்கினால், முழுத் தொகுப்பு உங்களுக்குரியதுதான். அந்தத் தேடல் எழாவிட்டால் அத்துடன் நிறுத்திக்கொள்வதே நலம். அதில் குறையொன்றும் இல்லை.

பிற குழுக்களின் தொகுப்புகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 'ஆல்மன் பிரதர்ஸ்' குழு 1971-இல் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்த கச்சேரிகள் 2014-இல் ஆறே குறுந்தகடுகளாக வந்தன. கிதார் கலைஞர் டுவேன் ஆல்மன் அதே ஆண்டு அக்டோபரில் விபத்தில் இறந்தார். சில நாள்களில் கேட்டு முடிக்கக்கூடிய அளவு. ஒவ்வோர் இரவும் வேறாக ஒலிக்கும் வாசிப்பு. தயக்கமின்றி வாங்கலாம்.

'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்ற சொல்லுக்கு மட்டும் அஞ்ச வேண்டாம். டிரங்குப் பெட்டிதான் 7,200 என்று வரையறுக்கப்பட்டது. இசை அப்படி வரையறுக்கப்படவில்லை. மறுவிற்பனைச் சந்தையில் அந்தப் பெட்டிக்காகக் கூடுதல் விலை கேட்பவரிடம் கொடுக்கும் பணத்தில் ஒரு காசுகூட இசைஞர்களுக்கோ நாடாக்களை மீட்பவர்களுக்கோ போய்ச் சேராது. அந்தத் தொகைக்குத் தனிக் கச்சேரிகள் பலவற்றை வாங்கிவிடலாம். அவற்றைக் கேட்டு முடிக்க ஒரு மழைக்காலம் முழுவதும் தேவைப்படும்.